விரிசல் விழுந்த முன்கண்ணாடி: அடைப்பதா, மாற்றுவதா?

வாலாஜாபேட்டை, வேலூர், பள்ளிகொண்டா வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஜல்லி ஏற்றிய லாரியை ஒட்டியே ஓட்டினால் கல் தெறித்து முன்கண்ணாடியில் ஒரு விரிசல் புள்ளி விழ வெகுநேரம் ஆகாது. அதைப் பிசின் ஊற்றி அடைப்பதா, கண்ணாடியையே மாற்றுவதா?

புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லை, ஓரத்தையும் தொடவில்லை என்றால் அடைப்பதே என் தேர்வு. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடி அசையாமல் இருப்பது கூடுதல் லாபம். தழும்பு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தள்ளிப்போடக் கூடாது: தூசியும் தண்ணீரும் புகுந்துவிட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது. அதிலும் வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கொதிக்கும் கண்ணாடியின் மேல் ஏசி காற்றைச் சட்டென்று திருப்பினால் புள்ளி கோடாக நீண்டுவிடும்.

கோடு ஓரத்தை எட்டிவிட்டால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் சிதறாது என்ற தைரியத்தில் சிலர் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். கார் கவிழும்போது கூரையைத் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. மாற்றும்போது விலையைவிட ஒட்டும் வேலையைக் கவனியுங்கள். பசை இறுகும் முன் வண்டியை எடுக்கக் கூடாது. முன்கண்ணாடியின் உட்புறம் கேமரா உள்ள கார்களில் அதையும் மறுபடி சீரமைக்க வேண்டும். காப்பீட்டில் கேட்கும் முன், நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பறிபோகுமா என்று பாலிசியைப் பார்த்துவிடுங்கள்.