பாம்பன் பாலத்தில் மூச்சு வாங்கிய மாருதி 800: 15 வருட அனுபவம்

எங்கள் பக்கம் தரை உள்ளங்கை மாதிரி தட்டை. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை ஏற்றம் என்று ஒன்று கிடையாது. வண்டியில் இழுவை இருக்கிறதா என்று பார்க்க பாம்பன் பாலம்தான். 1988-ல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். என்னுடைய 1996 மாடல் மாருதி 800 எப்போது படுத்தாலும் முதலில் அங்கேதான் படுக்கும்.

2010-ல் பழைய வண்டியாக வாங்கினேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். முதல் ஏழு வருடம் பெரிய தொந்தரவு இல்லை. 2017-ல் ஆரம்பித்தது வினை. ஸ்டார்ட்டிங் அருமை, ஐடிலிங் அருமை, மண்டபம் வரை ஜம்மென்று ஓடும். பாலத்தில் பாதி ஏறியதும் மிதிக்க மிதிக்க வேகம் குறையும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கடலைப் பார்த்துவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி போகும்.

எல்லோரும் கார்புரேட்டரைத்தான் கை காட்டினார்கள். கழற்றி, ஜெட்டெல்லாம் ஊதி, புளோட் லெவல் வைத்து, புது கிட் போட்டு 3,500 ரூபாய் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அதே கதை.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் பாயிடம் போனேன். பானட்டைக்கூட அவர் திறக்கவில்லை. "தம்பி, திணறும்போது சோக்கை லேசா இழுத்துப் பாருங்க, காத்து குறைஞ்சு பெட்ரோல் கூடும். தெளிஞ்சா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். தெளியலைன்னா பிளக்குக்குப் போற கரண்ட், சிலிண்டர்ல அழுத்தம் பிடிக்கிற கம்ப்ரஷன்னு வேற பக்கம் பாக்கலாம்" என்றார். இழுத்தேன், கொஞ்சம் தெளிந்தது. பில்டர் மாற்றினோம், பம்பைச் சோதித்தோம், இரண்டும் சரி. பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "டேங்க் நிரப்புன அன்னைக்கு திணறல் சீக்கிரமா வருதா?" ஆமாம், வந்தது!

மறுமுறை வண்டி திணறி நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். 'புஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. டேங்கின் காற்றுக்குழாய் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் வெற்றிடம்; அதை எதிர்த்து பம்பால் இழுக்க முடியவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கான இடம் கொஞ்சம்தான், அதனால் வெற்றிடம் சீக்கிரம் கூடும். ஒரு கம்பி, இரண்டு நிமிடம். வேலை முடிந்தது.

2019 மழைக்காலத்தில் மறுபடியும் இழுவை போனது. ஆனால் இது வேறு மாதிரி. பெட்ரோல் பற்றாவிட்டால் வண்டி மெதுவாக மூச்சடங்கும். கரண்ட் கோளாறு என்றால் வெட்டி வெட்டிப் போகும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு பானட்டைத் தூக்கினால் பிளக் வயரில் நீலப் பொறி ஓடியது, கரண்ட் வெளியே கசிகிறது. பிளக்குக்கான கரண்டை உயர்த்தும் காயிலின் முனையைக் கழற்றினால் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. அந்தக் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டும் குழி விழுந்திருந்தது. வயர் செட், பாயிண்ட், கண்டென்சர் மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.45 மி.மீ. வைத்ததும் சரியானது. கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த முனைகளை வருடம் இரண்டு முறையாவது தேய்த்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் ஒரு தடவைதான் பார்த்தோம். நடு சிலிண்டர் குறைவு. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும்; இரண்டு சொட்டு ஆயில் விட்டும் ஏறவில்லை, அதனால் ரிங் இல்லை, வால்வு என்று முடிவு கட்டி, வால்வு இருக்கும் எஞ்சின் ஹெட்டை இறக்கினோம். செலவுதான், ஆனால் தேவையான செலவு.

இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் காலத்து வண்டி அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பம்பிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பியிருந்ததால் மாற்றிவிட்டேன். வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்துவதும் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், இங்கே ஈரத்துக்கா பஞ்சம்?

போன வாரம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போனேன். பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் பாலத்தைப் படம் எடுக்க எவரோ காரை நிறுத்தியிருந்தார்கள், ஏற்றத்திலேயே நின்று எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தது. காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். குளவி இப்போது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது, அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.