டபுள் புரமோஷனா, அதே வகுப்பா, ஹாஸ்டலா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை அக்காவின் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கைப் போட்டுவிட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இந்த மூன்று பேச்சும் கிளம்பும்.

டபுள் புரமோஷன் வாங்கி ஒரு வகுப்பு தாண்டுவதில் உடனடி லாபம் உண்டு. தெரிந்ததையே கேட்டுச் சலித்து, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவது நிற்கும். ஆனால் புத்திக்குப் பத்து வயது என்றாலும் விரலுக்கும் அழுகைக்கும் எட்டுதான். மேல் வகுப்பில் இரண்டு பக்கம் டிக்டேஷன் என்றால் ஒரு பக்கத்திலேயே கை ஓய்ந்துவிடும். ‘எழுதச் சோம்பல்’ என்று பெயர் வரும். கபடியில் ஒப்புக்குச் சப்பாணி. இன்னொன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மருத்துவச் சேர்க்கைக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைய வேண்டும். ஜனவரி முதல் மே வரை பிறந்து, 5 நிறைந்த கையோடு ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒரு வகுப்பு தாண்டினால், மிச்சம் பிடித்த வருஷம் பிளஸ் டூ முடித்துக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

ஹாஸ்டல் எட்டாம் வகுப்பு வரை வேண்டாம். தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளியே ஒன்பதில்தான் தொடங்குகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால், வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய்ப் படித்து மாதம் 1,000 ரூபாய் பெறலாம்.

எங்கள் ஓட்டு அதே வகுப்புக்கு. சும்மா உட்கார வைப்பதற்கு அல்ல. கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்திப் பழகிய ஆசிரியருக்கு இது புதிதல்ல. வீட்டில் தினம் 20 நிமிடம், 10 கணக்கு. அதில் மூன்று, பிள்ளைக்கு அன்றைக்குப் போட வராத கணக்காக இருக்கட்டும். எப்போதும் முதலில் முடிக்கும் பிள்ளைக்குத் தோற்றுப் பழக்கமில்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் முதல்முறை சிக்கும்போது தாளைக் கிழித்துவிட்டு ‘எனக்குக் கணக்கு வராது’ என்று உட்கார்ந்துவிடும். ‘எத்தனை சரி?’ என்று கேட்காமல் ‘எங்கே சிக்குச்சு?’ என்று கேளுங்கள்.

இதிலும் ஒரு கோளாறு நடக்கும்: பிள்ளையைக் குட்டி வாத்தியார் ஆக்கி, பின்தங்கியவர்களுக்கே சொல்லிக்கொடுக்க விடுவது. கூட்டாளிகள் விலகிவிடுவார்கள். மிஞ்சும் நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால், அந்த எழுத்தைக் கற்பியுங்கள். பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்தால் டியூஷன் செலவும் மிச்சம்.

எல்லாப் பாடத்திலும் இரண்டு வருஷம் முன்னால் இருந்து, கூட்டாளிகளும் மூத்தவர்களாகவே அமைந்து, பிள்ளையும் ஆசைப்பட்டால் வகுப்பு தாண்டலாம். பதிவேட்டில் மாற்றுமுன் நாலு வாரம் மேல் வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள். மார்க்கை விடுங்கள், மதியச் சாப்பாட்டுத் தட்டோடு யார் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று டீச்சரிடம் விசாரியுங்கள்.