தேவாலயத்துக்குள் நாடகமா, முற்றத்தில் கூத்தா?

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம், நான்கு கைகளும் சம நீளமான சிலுவை வடிவம் கொண்டது. போரில் அழிந்துபோனது. இன்று நின்றிருந்தால் நல்ல அரங்காகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நடிகர் நடுவில் நின்றால் நாலு பக்கமும் சனம் இருக்கலாம். கடைசி வரிசைகூட அதிக தூரமில்லை. சிக்கல் ஓசையில்தான். தடித்த கல்சுவரும் உயர்ந்த கூரையும் பாட்டை நீட்டி அழகாக்கும். ஆனால் வேகமான வசனத்தில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது வந்து மோதும். கனத்த துணித் திரைகளைத் தொங்கவிட்டால் கொஞ்சம் குறையும். ஆட்கள் நிறைந்தாலும் அப்படித்தான்.

யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர், பாசையூர்ப் பக்கம் தேவாலய முற்றங்களில் ஆடிவந்த தென்மோடிக் கூத்துக்கு, அதாவது பாட்டும் ஆட்டமுமான அந்த நாட்டுக்கூத்து வகைக்கு, இந்தத் தொல்லை இல்லை. திறந்தவெளியில் மத்தளத்தின் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழும். விடிய விடிய ஆடலாம். மழைதான் எதிரி.

சரி, எது நல்லது? கூத்தைச் சுவருக்குள் அடைக்க எனக்கு மனமில்லை. வசனம் குறைந்து கூட்டுப்பாட்டு நிறைந்த, இயேசுவின் துன்பங்களைச் சொல்லும் திருப்பாடுகளின் காட்சி என்றால், தயங்காமல் கல்சுவர்களுக்குள்ளேயே போடுவேன்.