குடிநீரில் ஆர்சனிக்: கூட்டாட்சி வரம்பு போதுமா, மாநிலம் அதைக் கடுமையாக்கலாமா?

அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், கூட்டாட்சி வரம்பைவிடத் தளர்வான விதியை மாநிலங்களுக்கு அனுமதிப்பதில்லை. கடுமையான விதியைத் தடுப்பதுமில்லை. கூட்டாட்சி வரம்பையே ஏற்பதா, அதைக் கடுமையாக்குவதா என்பதே மாநில அமைப்புகளின் குழப்பம்.

அளவு: நச்சுப் பொருளான ஆர்சனிக்குக்குக் கூட்டாட்சி வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், நியூ ஜெர்சியிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் 5.

பாதுகாப்பு: 10 என்பது மருத்துவக் கணக்கு மட்டுமன்று. உடல்நல இலக்கு பூச்சியம் என்றும், 3 வரை குறைப்பது தொழில்நுட்பத்தால் இயலும் என்றும் ஒப்புக்கொண்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே, செலவையும் பயனையும் எடைபோட்டு 2001இல் 10இல் நின்றது. ஆகவே 5ஐ மிகைக் கண்டிப்பு என்பது எனக்கு ஏற்புடையதன்று.

செலவு: 10 என்றால் பல ஊர்களுக்குப் புதிய சுத்திகரிப்பே தேவைப்படாது, 5 என்றால், சில நூறு வீடுகளே உள்ள ஊரில் வடிகட்டிச் செலவு ஒவ்வொரு வீட்டின் கட்டணத்திலும் கனமாக ஏறும்.

எளிமை: முன்னதில் ஆயத்த விதி கிடைக்கிறது, பின்னதில் மாநிலமே ஆய்வு செய்து காரணம் காட்ட வேண்டும்.

நிலைப்பு: கூட்டாட்சி அரசு தளர்த்தினாலும் மாநில விதி நிற்கும். ஆனால், கூட்டாட்சி விதியைவிடக் கடுமையான விதி வகுக்கக் கூடாதெனத் தம் அமைப்புகளையே சில மாநிலச் சட்டங்கள் கட்டிப்போட்டுள்ளன.

நிலத்தடிப் பாறையில் ஆர்சனிக் மிகுந்து, ஆய்வுத் திறனும் சிற்றூர்களுக்கு நிதியுதவியும் உள்ள மாநிலத்துக்குக் கடுமையான வரம்பு பொருந்தும். அந்த உதவிக்கு வழியில்லாத மாநிலம் 10ஐ ஒழுங்காக அமலாக்குவதே மேல்.