கைவேலைப் பெட்டி: எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதை அடுப்படியிலேயே செய்துகொள்ளலாம்?

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கென்று விற்கப்படும் கைவேலைப் பெட்டிகளில் எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நாலைந்து நிறத்தில் விளையாட்டு மாவு, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், பசைக்குச்சி, வெட்டித் தயாராக வைத்த வண்ண அட்டைகள், ஒட்டுக் கண்கள், மணிகளும் நூலும், மினுமினுப்புத் தூள், செய்முறைத் தாள். பிராண்டு மாறினால் மூடியில் உள்ள படம்தான் மாறுகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கு நட்சத்திரம் போடுவதைவிட, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே பயன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் தாராளமாகக் காசு கொடுங்கள். மாவு, வண்ணம், எழுத்துப் பயிற்சிக்கான பொருட்களை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். வெட்டி வைத்த அட்டைகளுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம்.

அட்டைகள் மேல் ஏன் இத்தனை கடுப்பு என்றால், குழந்தை செய்ய வேண்டிய வேலையைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது. மீனின் உடல், வால், செதில் எல்லாம் அளவாக வெட்டி வருகின்றன. பின்பக்கத் தாளை உரித்து, கோடு போட்ட இடத்தில் ஒட்டினால் முடிந்தது. விரலுக்கும் வேலை இல்லை, யோசனைக்கும் வேலை இல்லை. வால் கோணலாக ஒட்டிவிட்டால் மூடியில் இருக்கும் படம்போல வரவில்லை என்று குழந்தை முகம் சுருங்குவதுதான் மிச்சம். இதற்குப் பதில் கெட்டித் தாள் நாலு நிறத்தில் வாங்கி வையுங்கள், போதும்.

இனி விளையாட்டு மாவு. கடை மாவு மிருதுவாக இருக்கும், நிறமும் சீராக இருக்கும். குறை சொல்ல இரண்டுதான். ஒரு டப்பாவில் இருப்பது குழந்தையின் கைப்பிடிக்கே போதாது, மூடி திறந்து கிடந்தால் ஓரம் விறைத்து உதிரத் தொடங்கும். வீட்டில் காய்ச்சிய மாவு அளவிலும் ஜெயிக்கிறது, உழைப்பதிலும் ஜெயிக்கிறது.

அளவு இது: மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், கிரீம் ஆஃப் டார்ட்டர் 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 1 கப். உணவு நிறமியை முதலில் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள். மாவு திரண்ட பிறகு நிறத்தைப் பிசைந்தால் கோடு கோடாக நிற்கும், உங்கள் கையும் இரண்டு நாளைக்கு நிறத்தோடு இருக்கும். எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மிதமான தீயில், அடியைச் சுரண்டிக்கொண்டே கிளறினால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடியும். முதலில் தோசை மாவுபோல இருப்பது அடியில் திட்டுத் திட்டாக இறுகும். இந்த இடத்தில் கெட்டுவிட்டது என்று பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். விடாமல் கிளறுங்கள். ஈரப் பளபளப்பு மங்கி, மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டையாகக் கரண்டியோடு வரும்போது இறக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு நிமிடம் பிசைந்தால் வழவழவென்று ஆகிவிடும்.

கையில் ஒட்டினால் அது வேகாத மாவு. மேலே பச்சை மாவைத் தூவிச் சரிசெய்யாதீர்கள். அப்போதைக்கு ஒட்டாது, மறுநாள் வெடிப்பு விடும். திரும்ப அடுப்பில் வைத்து இன்னும் ஒரு நிமிடம் கிளறுவதே வழி. வறண்டுபோனால் தண்ணீர் ஊற்றாமல், கையை நனைத்து நனைத்துப் பிசையுங்கள். கல் உப்பைப் போட்டால் நறநறவென்று இருக்கும், தூள் உப்புதான் வேண்டும். கிரீம் ஆஃப் டார்ட்டர் ஒரு புளிப்பு உப்பு. மாவு இழுபடவும் நாள்பட்டு நிற்கவும் அது உதவுகிறது. கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன் விட்டு, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, மாவின் மேல் சொட்டி, மேற்பரப்பு பிசுபிசுப்பாகும். காற்றுப் புகாத டப்பாவில் சில வாரங்கள் தாங்கும். ஈரக்காற்று உள்ள நாட்களில் தானாகவே வியர்க்கும். அதற்கு உப்பு ஈரத்தை இழுப்பதுதான் காரணம், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். காய்ந்த துண்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுவும் உப்புதான். ஆனால் நாற்றம் வந்தாலோ பச்சை, கருப்புப் புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

காய்ச்சாமலே வெந்நீர் விட்டுப் பிசையும் முறையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. சுலபம்தான். ஆனால் பச்சை மைதாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், இந்த வயதுக் குழந்தை விரலை வாயில் வைக்காமல் இருக்காது. அதனால் காய்ச்சியதே மேல். உப்பு இத்தனை சேர்ப்பதால் ஒரு முறை நக்கிய குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிடும். இருந்தாலும் பெரிய உருண்டையை விழுங்கினால் ஆபத்துதான், நாய் தின்றாலும் அப்படியே. எனவே கண் பார்வையில் விளையாடட்டும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது ஆகாது. கடை மாவுகளிலும் பல கோதுமை கலந்தவை என்பதால், அங்கும் பின்னட்டையைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

அடுத்தது கத்தரிக்கோல். பெட்டியோடு வருவது பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் அலகு கொண்டது. மாவை வெட்டும், காகிதத்தைக் கடித்து மடிக்கும். குழந்தைக்கு வெட்ட வரவில்லை என்று நாம் நினைப்போம், பல நேரம் வெட்டத் தெரியாதது அந்தக் கத்தரிக்கோலுக்குத்தான். வாங்க வேண்டியது எஃகு அலகும் மழுங்கிய முனையும் கொண்ட, சுமார் 12 அல்லது 13 செ.மீ. நீளமுள்ள ஒன்று. திருகு தளர்ந்திருக்கிறதா என்று கடையிலேயே ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் எந்தக் கைக்கும் அது வெட்டாது.

இடக்கைக் குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வேண்டும். இரு கைக்கும் ஏற்றது என்று எழுதியிருப்பவற்றில் பல, கைப்பிடியை மட்டும் சமமாக்கிவிட்டு அலகுகளை வலக்கை முறையிலேயே வைத்திருக்கும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், விரல் அழுத்தமும் அலகுகளை நெருக்காமல் விலக்கும். சோதிப்பது எளிது: வெட்டும் நிலையில், முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கப் பிடியுங்கள். மேல் அலகு இடப்பக்கம் இருந்தால் அது உண்மையான இடக்கைக் கத்தரிக்கோல்.

பழக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பாம்புபோல் உருட்டிய விளையாட்டு மாவை வெட்டட்டும். பிறகு 2 செ.மீ. அகலத்தில் நறுக்கிய கெட்டித் தாள் பட்டைகள். ஒரே கடியில் துண்டு விழ வேண்டும், அந்தச் சத்தமும் துண்டு தெறிப்பதும்தான் குழந்தையை அடுத்த வெட்டுக்கு இழுக்கின்றன. மெல்லிய தாளை முதலில் கொடுத்தால் அது அலகுகளுக்கிடையே வளைந்து சிக்கும். அதன் பின் தடித்த நேர்கோடு, கடைசியாக வளைவு. வளைவில் திரும்ப வேண்டியது தாளைப் பிடித்த கைதான், கத்தரிக்கோல் நேரே போகட்டும். கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும். அது கவிழ்ந்தால் முழங்கை விலாவை விட்டு விலகி இறக்கைபோல் தூக்கும். முழங்கையைப் பார்த்தே பிடி தவறு என்று கண்டுபிடித்துவிடலாம்.

பசைக்குச்சி காகிதத்தோடு காகிதம் ஒட்ட மட்டுமே ஆகும். பட்டன், துணி, பஞ்சு ஒட்ட வெள்ளைப் பசை வேண்டும். அதில் நீர் அதிகம். காகித இழை நீரைக் குடித்து உப்புவதால்தான் தாள் சுருங்கிக் குமிழ் விடுகிறது. புட்டியைக் குழந்தை கையில் கொடுக்காமல், ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, தூரிகையோ காது குடையும் பஞ்சுக்குச்சியோ கொடுங்கள். மூடி காலியானால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். காகிதத்துக்கு மட்டும் என்றால் மைதாப் பசையே தாராளம். 3 டேபிள்ஸ்பூன் மாவைக் கால் கப் குளிர்ந்த நீரில் கரைத்து, முக்கால் கப் கொதிநீரில் விட்டுக் கிளறினால் வெண்மை சற்று மங்கிக் கெட்டியாகும். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும், அதற்கு மேல் வேண்டாம்.

விரல் வண்ணமும் இதே கைப்பக்குவம்தான். அரை கப் கார்ன்ஃப்ளாரை 2 கப் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, பிரித்து நிறமி சேர்க்க வேண்டும். வெள்ளை மாவுச்சத்துதான் இதற்கு, மஞ்சள் மக்காச்சோள மாவு வழவழப்பாக வராமல் மணல்போல் நிற்கும். சிவப்பு நிறமி துணியில் கறை விடும் என்பதால் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

பெட்டியில் வரும் எழுத்து அட்டைகளைவிட உப்புத் தட்டு பல மடங்கு நல்லது. விளிம்புள்ள தட்டு ஒன்று, அடியில் அடர்நிறத் தாள், மேலே தூள் உப்பு 3 முதல் 5 மி.மீ. உயரம். விரலால் இழுத்தால் அடியிலுள்ள நிறம் கோடாகத் தெரிய வேண்டும். உப்பு அதிகமானால் கோட்டின் இரு கரையும் சரிந்து எழுத்து மூடிப்போகும், குறைந்தால் தாள்தான் தெரியும். தட்டை லேசாக ஆட்டினால் பலகை சுத்தம், அழிப்பான் தேவையில்லை, தப்பின் தடமும் இல்லை. அ-வில் தொடங்காதீர்கள். அதன் சுழிப்பு இந்த விரலுக்கு அதிகம். ட, ப என்று நேர்கோடுகளில் தொடங்கி, ர, ம, க வந்து, பிறகு சுழிகளுக்குப் போகலாம். கையில் காயமோ வெடிப்போ இருக்கும் நாளில் உப்பு எரியும், ரவையோ மணலோ போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பன்னிரண்டு குழி முட்டை அட்டையில் இரண்டு குழியை வெட்டி எறிந்தால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை கிடைக்கும். மேல் வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழ் வரிசை. ஏழு என்றால் ஐந்தும் இரண்டும், பத்துக்கு இன்னும் மூன்று குறைகிறது என்பது எண்ணாமலே கண்ணில் படும். கலைத்துப் போட்டு நிரப்பினால் இந்தப் பயன் முழுதும் போய்விடும். வேகாத முட்டையின் எச்சம் இருக்கும் என்பதால் கறை படிந்த அட்டையை எடுக்காதீர்கள்.

மணிகளும் நூலும் மூன்று வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அந்த வயதில் சின்னச் சாமான் எதுவும் தொண்டையில் சிக்கும். கழிவறைத் தாள் சுருளின் குழாய்க்குள் ஒரு பொருள் முழுதாகப் புகுந்தால் அது ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயது தாண்டியவர்களுக்கு உறிஞ்சு குழலை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் கோக்கக் கொடுக்கலாம். கம்பளி நூலின் முனையில் 3 செ.மீ. அளவுக்கு செலோ டேப்பை இறுகச் சுற்றினால் ஊசி தேவைப்படாது, மறுமுனையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டால் கோத்தது வழுகி விழாது. நூலைக் கழுத்தில் மாட்ட விடாதீர்கள். ஒட்டுக் கண்களைப் பேனாவால் வரைந்துகொள்ளலாம். மினுமினுப்புத் தூள் கண்ணுக்குள் போனால் உறுத்தும், தரையை விட்டும் போகாது. அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியின் அட்டையில் ஏ.எஸ்.டி.எம். டி-4236 (கலைப் பொருட்களின் எச்சரிக்கைக் குறிப்புக்கான அமெரிக்கத் தரவிதி) என்று பார்த்ததும் தீங்கற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். நாள்பட்ட ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். எச்சரிக்கை வரியையும் தேடிப் படியுங்கள். காந்தத் துண்டு, பட்டன் பேட்டரி, நீரில் ஊறி உப்பும் ஜெல் மணி ஆகிய மூன்றில் ஒன்று பெட்டிக்குள் இருந்தாலும் வாங்காதீர்கள். ஜெல் மணி விழுங்கிய பின் குடலிலும் உப்பி அடைக்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.