ஹைஸ்கூல் டீச்சராக டிகிரி முடிச்சு பி.எட்டா, நாலு வருஷ இன்டக்ரேட்டடா?

ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஹைஸ்கூல் டீச்சராகணும்னு நினைக்கிற பிள்ளைகளுக்கு இப்ப ரெண்டு பெரிய வழி இருக்கு. ஒண்ணு மூணு வருஷம் டிகிரி, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் பி.எட். இன்னொண்ணு ரெண்டையும் சேத்து நாலு வருஷத்துல முடிக்கிற இன்டக்ரேட்டட் கோர்ஸ். நான் முதல் வழியில வந்தவ, பி.எஸ்சி. மேத்ஸ், அப்புறம் பி.எட், இப்ப உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒம்பதாவது பத்தாவதுக்கு மேத்ஸ் எடுக்குறேன். அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடுறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள்ல முக்கால்வாசிப் பேருக்கு டிகிரியைத் தனியாப் படிச்சுட்டு பி.எட் போறதுதான் நல்லது.

இந்த வருஷம் எங்க அக்கா மக ப்ளஸ் டூ முடிச்சா. "சித்தி, அஞ்சு வருஷம் படிக்கிறத நாலு வருஷத்துல முடிச்சா ஒரு வருஷம் மிச்சம்தானே, அம்மாவுக்கும் செலவு கம்மி"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். ஒரு வருஷம்ங்கிறது நம்ம வீடுகள்ல சின்ன விஷயம் இல்ல, ஒரு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் காசு, அதோட ஒரு வருஷம் முந்தி சம்பளம். அந்தக் கணக்குல இன்டக்ரேட்டட்தான் ஜெயிக்கும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா செலவ வச்சு மட்டும் முடிவு பண்ணாத தாயின்னு அவகிட்ட சொன்னேன், ஏன்னா கடைசியில நம்ம வேலையத் தீர்மானிக்கிறது சர்டிஃபிகேட்ல இருக்குற மெயின் சப்ஜெக்ட்டும் அந்த சப்ஜெக்ட்ல நமக்கு இருக்குற பிடிப்பும்தான்.

இத கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இத யாரும் சொல்றதில்ல. நம்ம ஊர்ல கவர்மெண்ட் ஸ்கூல் வேலைக்கு டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், ஆள் எடுக்குறது சப்ஜெக்ட் வாரியாத்தான். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எடுக்குற பி.டி. அசிஸ்டெண்ட்னா தமிழ், இங்கிலீஷ், மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜுவாலஜி, ஹிஸ்டரி, ஜியாகிரபி, இவ்வளவுதான். இதுல ஒண்ணு டிகிரியில மெயினா இருக்கணும், இல்லைன்னா இதுக்கு ஈக்வலன்ட்னு கவர்மெண்ட் ஜி.ஓ., அதாவது அரசாணை, போட்டிருக்கணும். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, அப்ளைடுன்னு ஆரம்பிக்கிற கோர்ஸெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா டீச்சர் வேலைன்னு வரும்போது ஈக்வலன்ஸ் ஜி.ஓ.வைத் தேடி அலையணும். காமர்ஸ், எக்கனாமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு வெறும் யூ.ஜி.யை வச்சு பி.எட் சீட்டே கிடைக்காது, பி.ஜி. முடிச்சாத்தான் சேரலாம், வேலையும் ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூவுக்குத்தான். ஆக எந்த காலேஜ்ங்கிறதுக்கு முன்னாடி எந்த மெயின்ங்கிறத முடிவு பண்ணணும்.

பி.எஸ்சி. மேத்ஸ்னு ஒரு டிகிரி கையில இருந்தா ஈக்வலன்ஸ்ங்கிற பேச்சே எழாது. இன்டக்ரேட்டட்ல சில இடங்கள்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூணையும் சரிசமமா நடத்துவாங்க. ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்க அது ரொம்ப நல்ல அடித்தளம்தான், ஆனா ஒரே மெயின் கேட்குற இடத்துல, எம்.எஸ்சி. சீட்டு கேட்கும்போது, "உன் மெயின் என்ன"ன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது பி.ஜி. அசிஸ்டெண்ட், அதாவது ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ எடுக்குற வேலை. இதுக்கு எம்.எஸ்சி. வேணும், பி.எட் வேணும், யூ.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே சப்ஜெக்ட்டா இருக்கணும். ஆனா டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு வேணாம், ஏன்னா டெட் எட்டாவது வரைக்கும் எடுக்குறவங்களுக்குத்தான். பி.டி. அசிஸ்டெண்ட்டுக்கு டெட் பேப்பர் டூ பாஸ் பண்ணிட்டு, அதுக்கு மேல டி.ஆர்.பி. போட்டித் தேர்வும் எழுதணும், ரெண்டு மலை ஏறணும். பி.ஜி. டி.ஆர்.பி.யில 150 மார்க், அதுல 110 மெயின் சப்ஜெக்ட், 30 எஜுகேஷன், 10 பொது அறிவு. தனியா தமிழ்த் தகுதித் தேர்வு இருக்கு, அது பாஸ் ஆனாத்தான் மெயின் பேப்பரையே திருத்துவாங்க. 150ல 110 சப்ஜெக்ட்டுக்குன்னா எதுல நேரத்தப் போடணும்னு தெரிஞ்சுடும். மூணு வருஷம் ஒரே சப்ஜெக்ட்டுல ஊறி, ரியல் அனாலிசிஸ், ஆல்ஜிப்ரான்னு தலையப் பிச்சுக்கிட்டு வந்த பிள்ளைக்கு அந்த 110 பழகின இடம். டிகிரி பேப்பரையும் பி.எட் பேப்பரையும் ஒண்ணா இழுத்துக்கிட்டு வர்ற பிள்ளைக்கு அதுக்கு நேரம் பத்தாது.

எக்ஸாமை விடுங்க, க்ளாஸ் ரூமுக்கு வாங்க. டீச்சிங் ப்ராக்டீஸ் போன ஸ்கூல்ல, ஒரு பிள்ளை எந்திரிச்சு "மைனஸ் இன்டு மைனஸ் ஏன் டீச்சர் ப்ளஸ் வருது?"ன்னு கேட்டுச்சு. பின் பெஞ்சுல சூப்பர்வைசர் உக்காந்திருக்காங்க, என் லெசன் ப்ளான்ல அந்தக் கேள்வி இல்ல. "அது ரூல், அப்படியே வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. நான் போர்டுல 3 + (−3) = 0ன்னு எழுதினேன். ரெண்டு பக்கமும் −2ஆல பெருக்குவோம்னேன். வலது பக்கம் சைபர் சைபராவே இருக்கும். இடது பக்கம் −2ஐ 3ஆல பெருக்கினா −6. மிச்சம் இருக்குறது −2 இன்டு −3. இந்த ரெண்டையும் கூட்டினா சைபர் வரணும்னா அது என்னவா இருக்கணும்னு கேட்டேன். க்ளாஸே "ஆறு டீச்சர்"னு கத்துச்சு. இத எந்த பி.எட் புக்கும் எனக்குச் சொல்லித் தரல, பி.எஸ்சி.யில ரிங்ஸ்ங்கிற ஆல்ஜிப்ரா பாடம் நடத்தும்போது எங்க மேடம் போட்டுக் காட்டினது. ஆனா அத ஒம்பதாவது பிள்ளைக்குப் புரியுற மாதிரி துண்டு துண்டா உடைச்சு, பதில நான் சொல்லாம அவங்க வாயில இருந்தே வர வைக்கணும்ங்கிறது பி.எட்டுல மைக்ரோ டீச்சிங்ல, அதாவது சின்னச் சின்னதா பாடம் எடுத்துப் பழகுறதுல, வந்த பழக்கம். ரெண்டும் வேணும், ஆனா சரக்கு முதல்ல உள்ள இருக்கணும், அப்புறம்தான் எடுத்துக் கொடுக்குற வித்தை.

இன்னொரு விஷயம், கேந்திரிய வித்யாலயா மாதிரி இடங்களுக்குப் போகணும்னு ஆசை இருந்தா மெயினோட சேத்துப் படிக்கிற அலைடு சப்ஜெக்ட்டையும் பாத்துக்கோங்க. அங்க மேத்ஸ் டி.ஜி.டி.க்கு, அதாவது பத்தாவது வரைக்கும் எடுக்குற டீச்சர் வேலைக்கு, மேத்ஸோட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் இதுல ஏதாவது ரெண்டு படிச்சிருக்கணும்னு கேட்பாங்க, அதோட மத்திய அரசு டெட்டான சி-டெட். அட்மிஷன் போடும்போதே அலைடு என்னென்னன்னு கேட்டுட்டுச் சேரணும், மூணாவது வருஷம் கேட்டு ஒண்ணும் ஆகாது.

இன்டக்ரேட்டடைப் பத்தி நான் சொல்றது கூட வேலை பாக்குறவங்ககிட்ட கேட்டதும் பாத்ததும்தான், நான் உள்ள இருந்து படிக்கல, அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. அதுல நிஜமாவே நல்ல விஷயம், பதினெட்டு வயசுலயே ஸ்கூல் வாசனை புடிச்சிடும், டீச்சராகணும்னே வந்த பிள்ளைகள் கூட படிக்கிறதால அந்த எண்ணம் கலையாது. மைசூர்ல இருக்குற ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷன் மத்திய அரசோட என்.சி.இ.ஆர்.டி.யோடது, தமிழ்நாடு உட்பட தென் மாநிலங்களுக்கானது, கேம்பஸ்லயே ஒரு டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்கூலும் இருக்கு. அங்க சீட்டு கிடைச்சா யோசிக்காம போகச் சொல்லுவேன், கேந்திரிய வித்யாலயா டி.ஜி.டி. தகுதியிலயே அந்த நாலு வருஷ கோர்ஸத் தனியாச் சொல்லியிருக்கு. மத்தபடி 2023-24ல இருந்து ஐடெப்னு புது நாலு வருஷ கோர்ஸ் வந்திருக்கு, அதுக்கு தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்துற என்செட் எக்ஸாம் எழுதணும், தமிழ்லயும் எழுதலாம். பழைய பி.ஏ.பி.எட், பி.எஸ்சி.பி.எட் நடத்துற காலேஜெல்லாம் ஐடெப்புக்கு மாறணும்னு டீச்சர் கோர்ஸுகளுக்கு அங்கீகாரம் கொடுக்குற என்.சி.டி.இ. சொல்லிடுச்சு. அதனால இப்ப யாராவது ஒரு காலேஜ்ல நாலு வருஷ கோர்ஸ்னு கூப்பிட்டா, எந்தக் கோர்ஸ், என்.சி.டி.இ. அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும்ங்கிறத பேப்பர்ல பாக்காம பணம் கட்டாதீங்க.

இன்டக்ரேட்டட்ல எனக்குப் பெரிய குறையாத் தெரியுறது, பாதியில மனசு மாறினா வழி கம்மி. பதினேழு வயசுப் பிள்ளை டீச்சர்தான்னு உறுதியாச் சொல்லும், ரெண்டு வருஷம் கழிச்சு பேங்க் எக்ஸாம், குரூப் ஃபோர்னு திரும்பும், அது தப்பே இல்ல. தனி டிகிரின்னா மூணாவது வருஷக் கடைசியில நின்னு முடிவெடுக்கலாம். எங்க செட்லயே பாதிப் பேர் பி.எட் பக்கம் வரல, எம்.எஸ்சி. போனவங்க இருக்காங்க, வேற வேலைக்குப் போனவங்க இருக்காங்க, யாருக்கும் அந்த டிகிரி வீணாப் போகல.

மதுரையில டிகிரிக்குப் பஞ்சமே இல்ல. மீனாட்சி காலேஜ், தியாகராஜர், அமெரிக்கன் காலேஜ், லேடி டோக், ஃபாத்திமா, மதுரைக் கல்லூரி, கருமாத்தூர் அருள் ஆனந்தர்னு பஸ்ல போய் வர்ற தூரத்துல அவ்வளவு இருக்கு. கவர்மெண்ட் காலேஜ், இல்லைன்னா எய்டடு, அதாவது அரசு உதவி பெறுற, காலேஜ்ல எய்டடு சீட்டா பாத்துச் சேருங்க, அதுலயே அந்த ஒரு வருஷ ஃபீஸ் மிச்சமாயிடும்.

பி.எட் காலேஜ் எடுக்கும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும். மாட்டுத்தாவணியில இறங்கினா "வர வேணாம், எக்ஸாமுக்கு மட்டும் வாங்க"ன்னு சொல்ற ஆளுங்களைப் பாக்கலாம், "நான்-அட்டெண்டிங்"னு அதுக்குப் பேரே வச்சுட்டாங்க. என்.சி.டி.இ. விதிப்படி க்ளாஸுக்கு 80 சதவீதமும் இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதமும் அட்டெண்டன்ஸ் வேணும், ரெண்டு வருஷத்துல 20 வாரம் ஸ்கூல்ல இருக்கணும். அந்த 20 வாரத்த காசு கொடுத்துத் தவிர்க்கிற பிள்ளை, முதல் நாள் அறுபது பிள்ளைங்க முன்னாடி நிக்கும்போது கை நடுங்கும், பாவம் அந்தப் பிள்ளைங்களும். கவர்மெண்ட், எய்டடு பி.எட் சீட்டுக்கு மார்க்கை வச்சு கவுன்சிலிங் நடக்கும், மதுரையில தியாகராஜர் காலேஜ் ஆஃப் ப்ரிசெப்டர்ஸ் மாதிரி எய்டடு காலேஜ் இருக்கு. அதுக்கு மார்க் வேணும், அதனால டிகிரியில முதல் செமஸ்டர்ல இருந்தே மெயின் பேப்பர்ல விட்டுடாதீங்க.

டி.எல்.எட், தபால் வழி பி.எட் ரெண்டையும் சிலர் கேட்குறாங்க. டி.எல்.எட் தொடக்கப் பள்ளிக்கு, ஹைஸ்கூலுக்கு இல்ல. அதே மாதிரி பி.எட்டை வச்சு ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரைக்கும் வேலைக்குப் போக முடியாதுன்னு 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரெண்டையும் குழப்பிக்க வேணாம். தபால் வழி பி.எட் ஏற்கனவே ட்ரெய்னிங் முடிச்சவங்களுக்கு, புதுசா டிகிரி முடிச்ச பிள்ளைக்கு அது வழியே இல்ல.

பி.ஜி. முடிச்சவங்களுக்கு ஒரு வருஷ பி.எட் வரப்போகுதுன்னு பேச்சு ஓடுது. 2025ல என்.சி.டி.இ. போட்ட வரைவுல அது இருந்துச்சு. வந்தா எம்.எஸ்சி. முடிச்சுட்டு பி.எட் போறவங்களுக்கு ஒரு வருஷம் குறையும், அது தனி டிகிரிக்காரங்களுக்குத்தான் லாபம். ஆனா அத நம்பி பி.எட்டைத் தள்ளிப் போடாதீங்க. எங்க அக்கா மககிட்டயும் இததான் சொன்னேன்: இப்ப பி.எஸ்சி. மேத்ஸ், அலைடுல பிசிக்ஸ், மூணாவது வருஷம் வரும்போது எது நடைமுறையில இருக்கோ அதுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கலாம்.