கல்லடி சனசமூக நிலையத்தில் ஒன்றரை வருடச் சனிக்கிழமைகள்

மகன் தரம் 7, மகள் தரம் 4. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்துபார்க்கும் விஞ்ஞான வகுப்பு நடக்கிறது. காசு இல்லை. போத்தல், நூல், தேசிக்காய் மாதிரிச் சாமான்களை நாங்களே கொண்டுபோக வேண்டும்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் செய்தது பெற்றோர்தான், நானும் சேர்த்தி. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வகுப்பு நடத்தும் தம்பி "பெரியாக்கள் கையைப் பின்னால கட்டுங்க" என்று சட்டம் போட்டார். அதிலிருந்துதான் வகுப்பு வகுப்பானது.

மறக்க முடியாதது முட்டை. கிணற்றுத் தண்ணீர், பாலத்தடி வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் என்று மூன்று கிளாஸ். கடல் தண்ணீரில் மிதக்கும் என்று தம்பி முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டார். மூன்றிலும் முட்டை அடியில் போய்க் குந்தியது! கடல் தண்ணீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்புத்தான். புது முட்டை மிதக்க நூறு கிராமுக்கு மேல் வேண்டும். தம்பி பலகையை அழித்துவிட்டு, பிள்ளைகளையே கரண்டி எண்ணி உப்புப் போடவிட்டார். அதற்காகவே அவரில் எனக்கு மரியாதை.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். "கூழ்முட்டையெண்டா பச்சைத் தண்ணியிலயே மிதக்கும். மறுகா என்னத்துக்கு உப்பைக் கொட்டுறீங்க?" நாள்பட நாள்பட ஓட்டால் ஈரம் வெளியேறிக் காற்று புகுந்து முட்டை பாரம் குறைகிறது என்று மகன் அம்மம்மாவுக்கு விளக்கம் சொன்னான்.

ஏப்ரல் 9ஆம் திகதி, புதுவருசத்துக்கு நாலைந்து நாள் முன்னம், வெயிலில் ஒரு தடி நட்டோம். மேசன் வேலை செய்யும் அப்பா ஒருவர் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினார். பகல் 12 மணி கடந்து ஐந்தாறு நிமிடத்தில் நிழல் தடிக்குள்ளேயே போய்விட்டது. வடக்கே போகும் சூரியன் அந்த நாட்களில் மட்டக்களப்புக்கு நேர் மேலே வருகிறது. திரும்பும் வழியில் செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொருமுறை. அன்று மழைமுகில், பார்க்கக் கிடைக்கவில்லை.

குறையும் இருக்கிறது. யாரோ அன்பளிப்புச் செய்த நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்து, வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளையாள் காட்டுவார்கள். மாரியில் பாதி நாள் வகுப்பில்லை. தரம் 5 வந்ததும் பிள்ளைகள் புலமைப்பரிசில் ரியூசனுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வருடம் மகளும் தரம் 5.

அவளிடம் அடியில் களிமண் அடைத்த ஸ்ரோ ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை வாவித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கோடு போடுகிறாள். மாரி வெள்ளம் கலந்த ஜனவரியை விட, தண்ணீரில் உப்புக் கூடிய ஓகஸ்டில் ஸ்ரோ இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது. அடுத்த ஜனவரிக் கோட்டுக்குக் கொப்பியில் இடம் விட்டிருக்கிறாள். ரியூசன் சேருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.